அடங்கலில் இல்லாத பெயர்

அப்பாவின் கணக்கு நோட்டுகள் இன்னும் எங்கள் ஊர் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கின்றன. ஒரு சாகுபடிக்கு ஒரு நோட்டு என்று இருபது ஆண்டுக் காலம் எழுதியிருக்கிறார். உழவு, நாற்றங்கால், உரம், கூலி என்று நாள்வாரியாகக் குறித்த அந்தப் பக்கங்களில், 2006 ஆம் ஆண்டுச் சம்பாவில் முதல் ஏக்கரை நட்ட நாளின் வரி இப்படி இருக்கிறது: ‘ஆள் 4, 100 வீதம் 400. பெ. ஆள் 14, 50 வீதம் 700.’ எத்தனையோ முறை பார்த்த அந்த வரியில் சென்ற ஆண்டுதான் ஒன்று என் கண்ணில் பட்டது. ‘ஆள்’ என்று மட்டும் எழுதினால் அது ஆண். பெண்ணாக இருந்தால் முன்னால் ஒரு ‘பெ’ சேர்க்கவேண்டும். அந்த ஓரெழுத்து சேர்ந்ததும் கூலி பாதியாகிவிடுகிறது.

எங்கள் ஊர் மன்னார்குடிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில் இருக்கிறது. ஆறு மா நஞ்சையும் இரண்டு மா தென்னந்தோப்பும் எங்கள் குடும்பத்துக்கு உண்டு. மூன்று மா என்பது ஓர் ஏக்கர். வேளாண்மையில் பெண்களுக்கு ஏன் சமநிலை கிடைப்பதில்லை என்று யாராவது கேட்டால், எனக்கு இரண்டு பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள். ஒருவர் என் அம்மா. மற்றவர், எங்கள் வயலுக்கு நடவு ஆள் கட்டி அழைத்து வரும் அக்கா. ஒரே வயலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருவரும் நின்றிருக்கிறார்கள். இருவரின் தடைகளும் ஒன்றல்ல என்பதையும், ஒருவரின் தடையில் மற்றவருக்குப் பங்கு இருந்தது என்பதையும் சொல்லாமல் இதை எழுதுவது முறையாகாது.

அம்மா விதைநெல் தேர்ந்தெடுக்கும் முறையை முதலில் சொல்கிறேன். ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு கோழிமுட்டையைப் போடுவார். முட்டை அடியில் போய்ப் படுத்துவிடும். கல்லுப்பைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக் கரைத்துக்கொண்டே வருவார். ஒரு கட்டத்தில் முட்டை மெல்ல எழுந்து, பழைய நாலணாக் காசளவுக்குத் தலையை நீருக்கு மேலே காட்டும். அப்போது உப்புப் போடுவதை நிறுத்திவிட்டு, முட்டையை எடுத்து வைத்துவிட்டு விதைநெல்லைக் கொட்டுவார். பதரும் அரைமணியும் மேலே மிதக்க, அவற்றை அரித்து எடுத்துவிட்டு, அடியில் தங்கியதை மட்டும் இரண்டு மூன்று தண்ணீரில் அலசி முளைகட்ட வைப்பார். முளைகட்டிய விதையை நாற்றங்காலில் தெளிப்பது அப்பா. எந்த நெல் அந்த நாற்றங்காலுக்குப் போகவேண்டும் என்பதை அதற்கு முன்பே முடிவு செய்திருப்பவர் அம்மா. வடிகால் எப்போது திறப்பது, இரண்டாம் களை எப்போது எடுப்பது, அறுத்த நெல் காய்ந்துவிட்டதா என்று பல்லில் கடித்துப் பார்த்துச் சொல்வது எல்லாமே அவர்தான்.

2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தபோது அம்மா களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். திண்ணையில் இருந்த அப்பா பதில் சொன்னார். அம்மாவின் தொழில் என்ற இடத்தில் ‘வீட்டு வேலை’ என்று எழுதிக்கொண்டு போனார்கள். அப்பா பொய் சொல்லவில்லை. அவர் மனத்தில் அப்படித்தான் இருந்தது. அந்தக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடியாளர் என்று பதிவான பெண்கள் ஏறத்தாழ 3.6 கோடி, விவசாயக் கூலிகளாகப் பதிவான பெண்கள் ஏறத்தாழ 6.2 கோடி. பெரிய எண்கள்தாம். ஆனால், அந்த 3.6 கோடியில் என் அம்மா இல்லை.

மறு ஆண்டு அப்பா இறந்தார். அண்ணன் அப்போது திருப்பூரில் வேலையில் இருந்தான், நான் சென்னையில். ஆறு மாவையும் அம்மாவே பார்த்தார். பட்டா தாத்தாவின் பெயரிலிருந்து மாறவே இல்லை. பெரியப்பாவும் அப்பாவும் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் உழுதார்களே தவிர, உட்பிரிவு செய்யவில்லை. அப்பா உயிரோடு இருந்தவரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை. அவர் போன பிறகுதான், ஒவ்வொரு கதவிலும் அந்தக் காகிதம் பூட்டாகத் தொங்குவது தெரிந்தது.

தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கும் பயிர்க்கடனை உரிய காலத்தில் திருப்பிக் கட்டினால் வட்டி இல்லை. அதற்கு, நிலம் யார் பெயரில் என்று சொல்லும் சிட்டாவும், எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று சொல்லும் கிராமக் கணக்கான அடங்கலும் வேண்டும். அம்மாவின் பெயரில் இரண்டும் இல்லை. ஆகவே அவர் மகளிர் குழுக் கடன் வாங்கினார். ஆண்டுக்கு இருபது விழுக்காட்டுக்கு மேல் வட்டி, வாரத் தவணை. நெல் நான்கு மாதத்தில் வரும். தவணையோ நட்ட மறுவாரமே வந்துவிடும். தோடு அடகுக்குப் போனது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலும் அதே சிட்டா அடங்கலைத்தான் கேட்டார்கள். அங்கே பெரியப்பாவின் பெயரில் மூட்டை போட்டு, பணம் அவர் கணக்குக்கு வந்து, அவர் எடுத்துக் கொடுக்கும்வரை அம்மா காத்திருந்தார். 2019 இல் வந்த பிரதமரின் கிசான் நிதி, ஆண்டுக்கு 6,000 ரூபாய், நிலம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு உரியது. பயிர்க் காப்பீட்டுக்கும் அடங்கல் வேண்டும். பெண் விவசாயிகளுக்கு இயந்திர மானியம் கூடுதல் என்று வேளாண் பொறியியல் துறை அறிவிக்கிறது. ஆனால் விவசாயி என்பதற்குச் சான்று நிலத்தின் காகிதம்தான். 2015-16 ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பில், இந்தியாவில் நில உடைமைகளை நடத்துவோரில் பெண்கள் ஏறத்தாழ 14 விழுக்காடு. பெண்களுக்கென்று போடப்படும் எந்தத் திட்டமும் நிலக் காகிதத்தைக் கேட்கும்வரை, அந்தச் சிறிய வட்டத்துக்குள்தான் சுற்றிவரும்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் பக்கத்தைப் புரட்டிப்போட்டது. தோப்பில் இருந்த தென்னைகளில் ஆறு மட்டும் நின்றன. விழுந்தவற்றில் பாதிக்கு மேல், நான் பள்ளியில் படித்தபோது அம்மா குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்தவை. கணக்கெடுக்க வந்தவர்களுக்கு ஒவ்வொரு மரமாகக் காட்டியவரும் அம்மாதான். நிவாரணத் தொகை தாத்தாவின் பெயரில் இருந்த பட்டாவைப் பார்த்து வழங்கப்பட்டதால், முழுவதும் அவருடைய மூத்த மகனான பெரியப்பாவின் கணக்கில் ஏறியது. அவர் ஒரு பகுதியைக் கொடுத்தார், மீதியைப் பிறகு தருவதாகச் சொன்னார். அம்மா அதைக் கேட்கவே இல்லை. கேட்டால் நாளைக்கு வாய்க்காலில் தண்ணீர் விடுவதில் பேச்சு வரும் என்று அஞ்சினார். காகிதத்தில் பெயர் இல்லாதவர் தமக்கு உரியதையும் தயவாகவே வாங்கவேண்டியிருக்கிறது.

அப்போதுதான் அம்மாவை அழைத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போனேன். மண்டபத்தில் முன் நான்கு வரிசைகளும் பச்சைத் துண்டுகளாக இருந்தன. மேட்டூர் தண்ணீர், உரத் தட்டுப்பாடு, கொள்முதல் ஈரப்பதம் என்று அவர்கள் பேசியதில் தவறு ஒன்றுமில்லை. எல்லாம் எங்களுடைய குறைகளும்தான். ஆனால் இரண்டரை மணி நேரத்தில் ஒரு பெண்ணும் ஒலிவாங்கியைப் பிடிக்கவில்லை. பின்வரிசையில் மனுவோடு உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பெண்களும் கணவரை இழந்தவர்கள் என்பது பேச்சுக் கொடுத்தபோது தெரிந்தது. கணவர் இருந்தால் அவர்கள் அங்கே வந்திருக்க மாட்டார்கள்.

வேளாண் அறிவியலாளர் எம்.எஸ்.சுவாமிநாதன் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது, பெண் விவசாயிகளின் உரிமைகளுக்காக ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். நிலம் யார் பெயரில் இருந்தாலும், சாகுபடி செய்யும் பெண்ணுக்கு விவசாயி என்ற சான்று வழங்கவேண்டும் என்பது அதன் உயிர்நாடி. கடன், மானியம், பயிற்சி எல்லாவற்றுக்கும் அந்தச் சான்றே போதுமானதாக இருந்திருக்கும். 2013 இல் அவருடைய பதவிக்காலத்தோடு அந்த மசோதாவும் காலாவதியானது. 2007 ஆம் ஆண்டு தேசிய விவசாயிகள் கொள்கையும் கூலித் தொழிலாளர், குத்தகைதாரர் உட்படப் பயிர் செய்யும் அனைவரையும் விவசாயி என்றே வரையறுத்தது. சங்கத்திலும் கொள்முதல் நிலையத்திலும் அந்த வரையறையை யாரும் கேட்டதில்லை.

சொத்தில் பெண்ணுக்குப் பங்கு வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு தீர்மானம் போட்டது. அதைத் தமிழ்நாட்டுச் சட்டமாக்க 60 ஆண்டுகள் ஆயின. 1989 இல் மு. கருணாநிதி அரசு கொண்டுவந்த திருத்தம், அந்த ஆண்டு மார்ச் 25 க்கு முன் திருமணம் ஆகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு நிகரான உரிமையைத் தந்தது. அம்மாவின் திருமணம் 1984 இல். 2005 இல் வந்த மத்தியத் திருத்தம் திருமணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் 2004 டிசம்பர் 20 க்கு முன்பே பதிவு செய்து முடித்த பாகப்பிரிவினைகளை அது தொடவில்லை. என் மாமாக்கள் 1998 இலேயே பிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்குச் சட்டம் இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் வாசலோடு போய்விட்டது.

எனக்கு அப்படி இல்லை. சட்டம் எனக்கு வீட்டுக்குள்ளேயே வந்தது. நான்தான் அதை வெளியே அனுப்பினேன்.

2019 இல் வாரிசுச் சான்று வாங்கி, பெரியப்பா குடும்பத்தோடு பேசி, நிலத்தை முறையாகப் பிரித்துப் பதிவு செய்ய முடிவானது. நான் சென்னையிலிருந்து போய்ச் சேர்வதற்குள், பத்திர எழுத்தர் எங்கள் பங்கில் எனக்கும் அம்மாவுக்கும் உள்ள பாகத்தை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அவரிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஒரு மகனும் ஒரு மகளும் விதவைத் தாயும் என்றால் பத்திரம் அப்படித்தான் இருக்கும் என்பது அவர் அனுபவம். ‘எனக்குச் சேரவேண்டிய சீர்வரிசைகளை ஏற்கெனவே பெற்றுக்கொண்டபடியாலும், தங்கள்பேரில் எனக்குள்ள பாசத்தினாலும்’ என்று அதில் இருந்தது. அண்ணன் என்னிடம், “உனக்கு மனசுக்குச் சரின்னு பட்டா போடு பாப்பா, இல்லன்னா வேணாம்” என்றான். அவன் சொன்னது உண்மை என்பதில் எனக்கு இன்றும் ஐயம் இல்லை. வாசலில் சித்தப்பா முறை உள்ள ஒருவர், “பொறந்த வீட்டு வாசப்படி நாளைக்கு வேணும்ல” என்றார், யாரிடமும் சொல்லாததைப் போல.

நான் கையெழுத்திட்டேன். எனக்கு அடுத்து அம்மாவும் போட்டார். பன்னிரண்டு வரி இடைவெளியில் இரண்டு கையெழுத்துகள். என் பங்கைப் பற்றி மட்டுமே அன்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நிலத்தில் நிற்கும் ஒரே விவசாயியின் பெயரும் அதே பத்திரத்தில் போகிறது என்பது பேருந்தில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. மகள்கள் பங்கு கேட்பதில்லை என்று பலர் எழுதுகிறார்கள். கேட்கும் மகளுக்குத் தீபாவளிச் சீரும், மகப்பேற்றுக்குத் தாய்வீடும், கணவனோடு சண்டை என்றால் வந்து நிற்க ஒரு திண்ணையும் நிச்சயமில்லை. ஆகவே அவள் நிலத்தைக் கொடுத்துத் திண்ணையை வைத்துக்கொள்கிறாள். இதை அறியாமை என்று சொல்வது அநீதி. ஆனால் அந்தப் பேரத்தில் தாயின் பங்கும் சேர்ந்து போவதை நாங்கள் கவனிப்பதில்லை. கவனித்திருக்கவேண்டும்.

இனி அந்த அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருக்கு இந்தக் கவலைகள் எதுவும் இல்லை, ஏனென்றால் அவருக்கு நிலமே இல்லை. ஊருக்குத் தெற்கே, வாய்க்காலுக்கு அப்பால் இருக்கும் ஆதிதிராவிடர் தெருவிலிருந்து பதினான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு வருவார். அப்பாவும் அம்மாவும், ஏழு வயதில் நான்கூட, அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம். அதை இப்போது எழுதும்போது எனக்குக் கூசுகிறது. நான் அவரை அக்கா என்று அழைக்கத் தொடங்கியது கல்லூரிக்குப் போன பிறகு.

நடவில் பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னோக்கி நகர்ந்துகொண்டே நடுவார்கள். இடக்கையில் முடி எனப்படும் நாற்றுக் கட்டைப் பிடித்து, வலக்கையால் இரண்டு மூன்று நாற்றுகளைப் பிரித்து, கட்டைவிரலால் சேற்றில் ஊன்றுவார்கள். காலை ஏழு மணிக்குக் குனிந்தால், மாலைவரை நிமிரும் நேரம் மிகச் சிறிது. அக்காவின் கால்விரல் இடுக்குகள் ஐப்பசி கார்த்திகையில் வெளுத்துப் பிளந்திருக்கும். சேற்றுப்புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவிக்கொண்டு மறுநாளும் இறங்குவார். ஒதுங்க இடம் இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். ஆண்கள் நாற்றுப் பறிப்பார்கள், முடி தூக்குவார்கள், வரப்பு வெட்டுவார்கள். அவையும் கடினமான வேலைகள்தாம். ஆனால் நடவைவிட இருமடங்கு கடினமா?

1976 ஆம் ஆண்டுச் சமஊதியச் சட்டம் ஒரே மாதிரியான வேலைக்கு ஒரே கூலி என்றது. அப்பாவின் நோட்டு அந்தச் சட்டத்தை மீறவே இல்லை. ஆணையும் பெண்ணையும் ஒரே வேலையில் அது எங்குமே நிறுத்தவில்லை. வேலையை முதலில் ஆண் வேலை, பெண் வேலை என்று பிரித்துவிட்டால் கூலியைப் பிரிப்பது எளிது. இது எவ்வளவு தூரம் போகும் என்பதைச் இளநாற்றை இடைவெளி விட்டு நடும் செம்மை நெல் சாகுபடி வந்தபோது பார்த்தேன். கையால் களை பறித்தவரை அது பெண் வேலை, பெண் கூலி. கோனோ வீடர் என்ற உருளைக் கருவி வந்ததும், அதைத் தள்ள ஆண்கள் வந்தார்கள், ஆண் கூலியோடு. களை அதே களைதான். பிறகு களைக்கொல்லி வந்தது. தெளிப்பானைத் தோளில் மாட்டுவதும் ஆண் வேலையாயிற்று. அறுவடை இயந்திரத்தை ஓட்டுபவர் ஆண். நடவு இயந்திரத்திலும் அப்படியே. கருவி ஒன்று உள்ளே வரும்போதெல்லாம் பெண் வரப்பில் ஏறி நிற்கவேண்டியிருக்கிறது. இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த முதுகுகளைப் பார்த்த யாரும் சொல்ல முடியாது. அதை ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது ஏன் அந்தப் பதினான்கு பேரில் ஒருவரைக்கூடக் கூப்பிடவில்லை என்பதே என் கேள்வி.

கூலி கேட்டதற்காக எங்கள் மண்ணில் நடந்ததை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அறுவடைக் கூலியாகக் கூடுதலாக அரைப்படி நெல் என்பதுதான் அந்தப் போராட்டத்தின் கோரிக்கை. அதற்கு அடுத்த ஆண்டுதான் கீழத்தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. காந்தியவாதியான கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் வெண்மணிக்கு வந்து தங்கி, கணவரோடு 1981 இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலவுடைமையாளர்களிடம் பேசி விலைக்கு வாங்கி, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். அந்தப் பத்திரங்களை அவர் பெண்களின் பெயரில் பதிவு செய்தார். கூலிக்கும் நிலத்துக்கும் உள்ள தொடர்பை அவரைவிடத் தெளிவாகச் செயலில் காட்டியவர் எனக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை.

நூறு நாள் வேலை வந்தபோது எங்கள் தெருவில் எழுந்த குமுறல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆள் கிடைப்பதில்லை, சோம்பேறியாகிவிட்டார்கள் என்றார்கள், அம்மாவும் சொன்னார். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று அரசு விதித்த அந்த வேலையில், தமிழ்நாட்டில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். சேற்றில் 50 ரூபாய்க்கு நின்ற ஒருவருக்கு வேறு ஒரு கதவு திறந்தவுடன், அந்தச் சேற்றின் விலையும் ஏறத்தான் வேண்டும். ஏறியது. அப்பாவின் நோட்டை அம்மா தொடர்ந்து எழுதினார்; 2022 சம்பாவில் ‘ஆள் 550, பெ. ஆள் 250’ என்று இருக்கிறது. அந்த ‘பெ’யை அம்மாவும் எழுதியிருக்கிறார். நான் காட்டியபோது நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஊர்ல என்ன குடுக்குறாங்களோ அதான் குடுத்தேன்” என்றார். அவர் கையில் நெல் விற்ற பணம் நேரடியாக வந்திருந்தால், வட்டியில்லாக் கடன் கிடைத்திருந்தால், கூடக் கொடுத்திருப்பாரா? எனக்கு உறுதியில்லை. கொடுத்திருக்க முடியும் என்பது மட்டும் உறுதி.

சென்ற தை மாதம் அண்ணன் தானாகவே முன்வந்து, மூன்று மா நஞ்சையை அம்மாவுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தான். நான் இரண்டு ஆண்டுகளாகத் தொலைபேசியில் பேசிப் பேசி வந்த முடிவு அது. ஆனாலும் ‘தானாகவே’ என்று எழுதுவதில் அம்மாவுக்கு மகிழ்ச்சி. பட்டா மாறி வந்த தாளை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் பெயரை விரலால் தொட்டுப் படித்தார். முன்னால் ‘மனைவி’ என்று அப்பா பெயரோடு சேர்த்து இருந்தது. பிறகு புல எண்ணைப் படித்தார், பரப்பைப் படித்தார், தீர்வையைப் படித்தார். மடித்து, நோட்டுகள் இருக்கும் தகரப் பெட்டியில் வைத்தார்.

அன்று மாலை அக்கா வந்திருந்தார். அறுபத்து மூன்று வயது, இடுப்பு நிமிர்வதில்லை. செய்தியைக் கேட்டுவிட்டு, “நல்லதும்மா” என்றார். சற்று நேரம் கழித்து என்னிடம், “பாப்பா, எங்க ஆளுங்க பொம்பளைங்க நெலம் வாங்க கவர்மெண்டு பணம் தருதாமே, அது என்ன?” என்று கேட்டார். ஆதிதிராவிடர் மேம்பாட்டுக்கான அரசு நிறுவனமான தாட்கோ மூலம் நடக்கும் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டத்தைச் சொன்னேன். நிலமற்ற ஆதிதிராவிடப் பெண் விவசாயத் தொழிலாளர்களுக்கு நிலத்தின் விலையில் 50 விழுக்காடு, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். மீதி வங்கிக் கடன். வயது வரம்பு 55. நிலத்தை ஆதிதிராவிடர் அல்லாதவரிடமிருந்துதான் வாங்கவேண்டும்.

“எனக்கு வயசு தாண்டிடுச்சு. மருமவளுக்கு எழுதலாம்” என்றார். அம்மாவின் பக்கம் திரும்பி, “உங்க சொந்தத்துல யாராச்சும் ரெண்டு மா விப்பாங்களாம்மா? கேட்டுச் சொல்லுங்க” என்றார்.

அம்மா என்னைப் பார்த்தார். விற்கும் எண்ணத்தில் இருக்கும் நான்கு பேரை எங்கள் இருவருக்கும் தெரியும். நான்கு பேரும் எங்கள் சொந்தக்காரர்கள். ஒருவருடைய நிலம் எங்கள் வாய்க்காலின் தலைமடையிலேயே இருக்கிறது. இதுவரை இருவரிடம் கேட்டாயிற்று. யாருக்கு என்று கேட்டார்கள், சொன்னோம். முதலாமவர் விலையை ஏற்றினார். இரண்டாமவர் இப்போதைக்கு விற்கும் எண்ணம் இல்லை என்றார். மற்ற இருவரிடம் வைகாசியில் ஊருக்குப் போகும்போது அம்மாவும் நானும் சேர்ந்து கேட்பதாக இருக்கிறோம்.